கல்லும் கணினியும்: பெங்களூர்த் தமிழ்க் கல்வெட்டுகளை முன்வைத்து

சான்றின்றி ஆய்வு இல்லை என்பது நாம் மாணவர்க்கு முதலில் கற்பிக்கும் பாடமாகும். அச்சான்று யார் கையில் இருக்கிறது என்னும் வினாவை நாம் அவ்வளவாக எழுப்புவதில்லை. ஒக்கலிபுரத்தில் வாழ்ந்து, இந்நகரின் தமிழ்க் கல்வெட்டுகளைப் படித்து வரும் எனக்கு அவ்வினா அடிக்கடி எதிர்ப்படுகிறது.

பி. லூயிஸ் ரைஸ் தொகுத்த பெங்களூர் மாவட்டக் கல்வெட்டுகள், 'எபிகிராபியா கர்னாடிகா' வரிசையின் ஒன்பதாம் தொகுதியாக 1905இல் வெளிவந்தன. டொம்லூர்ச் சொக்கநாதசாமி கோயிலிலும் தமிழ்க் கல்வெட்டுகள் உள்ளன. அவ்வூர் தேசிமாணிக்கப்பட்டணம் எனவும் வழங்கியதை அவற்றால் அறிகிறோம். இத்தகைய கல்வெட்டுகளுக்கு அச்சுப் பாடத்தையே நாம் பெரிதும் சான்றாகக் காட்டி வருகிறோம்.

கல் வேறு, பாடம் வேறு. பழங்கல்வெட்டுகளில் பெரும்பாலும் புள்ளி இடப்பெறுவதில்லை. எகர ஏகாரங்களும் ஒகர ஓகாரங்களும் வேறுபடுத்தப் பெறுவதில்லை. ரகரமும் காலும் பல இடங்களில் ஒரே வடிவின. இவற்றுள் எதைக் கொள்வது என்பது பதிப்பாசிரியரின் முடிவாகும். அச்சில் அம்முடிவு நிற்கிறது, ஐயம் மறைந்துவிடுகிறது. நகர விரிவாக்கத்தில் கல்லும் மறையுமானால் அம்முடிவை ஆராய வழியே இராது.

பெங்களூர் மிதிக் சொசைட்டி 2021இல் தொடங்கிய கல்வெட்டு முப்பரிமாணப் பதிவுத் திட்டம் இவ்விடத்தில் எண்ணத்தக்கது. கல்லின் மேற்பரப்பு முழுவதும் கருவியால் வருடப்பெற்று, அதன் வடிவம் இணையத்தில் பொதுவில் வைக்கப்பெறுகிறது. திரையிலேயே ஒளியைப் பக்கவாட்டில் செலுத்தித் தேய்ந்த எழுத்தின் பள்ளத்தைக் காணலாம். ஒருவர் வாசிப்பை மற்றவர் சோதிக்க இனிப் பயணச் செலவு தடையன்று. கி.பி. 750 அளவினதாகக் கருதப்பெறும் ஹெப்பாள் கிட்டய்யா கல்வெட்டு 2018இல்தான் அறியப்பட்டது. ஆதலின் தேடலும் முற்றுப்பெறவில்லை.

வடிவத்தைப் பகிர்ந்தால் மட்டும் போதாது. வாசிப்பையும் ஐயத்தையும் பகிர வேண்டும். பலர் ஒருங்கே எழுதும் விக்கி போன்ற மென்பொருளில் யார், எந்நாளில், எச்சொல்லை மாற்றினார் என்பது அழியாமல் நிற்கும். ஒவ்வொரு கல்லுக்கும் இருப்பிடம், படம், வாசிப்புகள், ஐயங்கள் ஆகியவற்றை இவ்வாறு ஓரிடத்தில் வைக்கலாம். இறந்த ஆய்வாளர் ஒருவரின் குறிப்பேடுகள் பழைய தாள் கடைக்குச் சென்றதைக் கண்டிருக்கிறேன். அவற்றுள் இருந்த மாற்று வாசிப்புகளை இனி எவரும் மீட்க இயலாது.

கற்கள் கன்னட நாட்டில் உள்ளன. அவற்றின் மொழி தமிழ். பதிவுப் பணியை இந்நகரத்தார் செய்கின்றனர். வாசிப்புப் பணியில் தமிழ்த் துறைகள் பங்கேற்பது உதவியன்று, கடமையாகும்.