சிட்டையும் பேரேடும்

போன வாரம் பேரன் என் பழைய கைபேசியிலிருந்து புதியதற்கு வாட்ஸப் செய்திகளை மாற்றிக்கொடுத்தான். "எல்லாம் ஒரே ஃபைல்லதான் இருக்கு தாத்தா" என்றான். எனக்குச் சிரிப்பு வந்தது. ஒரே ஃபைல் என்று நம்பி நான் மாட்டிக்கொண்ட கதை ஒன்று உண்டு.

ஓய்வு பெறுமுன் ஒரகடத்தில் வாகன உதிரிபாகக் கம்பெனி ஒன்றில் தரக்கட்டுப்பாட்டில் இருந்தேன். 1998-ல் இருங்காட்டுக்கோட்டையில் ஹூண்டாய் கார் உற்பத்தி தொடங்கியபின் இந்தப் பக்கம் வந்த எத்தனையோ கம்பெனிகளில் அதுவும் ஒன்று. பிரேக் மாஸ்டர் சிலிண்டர்கள் கசிகின்றனவா என்று சோதிப்பது என் பொறுப்பு. ஒவ்வொரு சிலிண்டரின் எண்ணுக்கும் எதிரே சோதனை முடிவு பதிவாக வேண்டும். பதிவு இல்லாவிட்டால் வாடிக்கையாளர் ஏற்கமாட்டார். பிரேக் ஆயிற்றே!

பதிவுகள் ஆபீஸ் கட்டடத்து சர்வருக்குப் போகும். நெட்வொர்க் போனால் லைனும் நிற்கும். புதிதாகச் சேர்ந்திருந்த ஒரு பெண், "எஸ்கியூலைட் போடலாம் சார்" என்றாள். அதற்குத் தனி சர்வர் வேண்டாம். சோதனை மெஷினின் புரோகிராமுக்குள்ளேயே இருந்துகொண்டு, அதே கம்ப்யூட்டரில் ஒரு ஃபைலில் எழுதும். நெட்வொர்க் வந்ததும் சர்வருக்கு அனுப்பிக்கொள்ளலாம். காசும் கிடையாது.

"இலவசத்தை நம்பி பிரேக்கை விடறதாம்மா?" என்றேன். அவள் அதன் கதையைச் சொன்னாள். ரிச்சர்ட் ஹிப் என்பவர் அமெரிக்கப் போர்க்கப்பலுக்கு மென்பொருள் எழுதிக்கொண்டிருந்தாராம். தரவுத்தள சர்வர் நின்றால் அவருடைய மென்பொருளும் நின்றுவிடும். அந்தத் தொல்லைக்காகவே 2000-ல் இதை உருவாக்கி, யாரும் எடுத்துக்கொள்ளலாம் என்று பொதுவில் விட்டுவிட்டார். எங்கள் தொல்லையும் அதுதானே? ஒப்புக்கொண்டேன். நன்றாகவே ஓடியது.

2015 டிசம்பர் 1. அந்த மழையை யார் மறப்பார்கள்? மதியமே நெட்வொர்க் போனது, சாயங்காலம் மின்சாரமும் போனது. தண்ணீர் வடிந்து நாங்கள் திரும்பியபோது மெஷின் கம்ப்யூட்டருக்குள் ஈரம் இறங்கியிருந்தது. டிஸ்க்கைக் கழற்றி வேறொன்றில் மாட்டி, அந்த ஃபைலை பென் டிரைவில் எடுத்தேன். பக்கத்தில் அதே பெயரில், 'வால்' என்று முடியும் இன்னொரு ஃபைலும் இருந்தது. ஏதோ குப்பை என்று விட்டுவிட்டு, டிஸ்க்கை அழித்து வேறு வேலைக்கு வைத்துக்கொள்ளச் சொன்னேன்.

புதிய கம்ப்யூட்டரில் திறந்தால், கடைசியாகச் சோதித்த முந்நூறு சிலிண்டர்களுக்குப் பதிவே இல்லை. அதில் பாதி அன்றே லாரி ஏறிவிட்டது. எல்லார் முன்னாலும் அந்தப் பெண்ணிடம், "பார்த்தியா உன் இலவசச் சாமானை!" என்று கத்தினேன்.

அவள் பதில் பேசவில்லை. "எந்தெந்த ஃபைல் எடுத்தீங்க சார்?" என்று மட்டும் கேட்டாள். சொன்னேன். "வாலை விட்டுட்டீங்களே சார்!" என்று ஸ்டோருக்கு ஓடினாள். நல்லவேளை, டிஸ்க்கை இன்னும் யாரும் தொடவில்லை. இரண்டு ஃபைலையும் ஒரே இடத்தில் வைத்துத் திறந்தாள். முந்நூறும் வந்தன.

காஞ்சிபுரத்தில் அப்பா மளிகைக்கடை வைத்திருந்தார். வியாபாரத்தை அவ்வப்போது சிட்டையில் எழுதுவார், அப்புறம் சாவகாசமாகப் பேரேட்டில் ஏற்றுவார். இங்கே வால்தான் சிட்டை. புதுப் பதிவு முதலில் அதில் விழும், சேர்ந்தபின் பெரிய ஃபைலுக்குப் போகும். புரோகிராமை ஒழுங்காக மூடினால் சிட்டை முழுவதும் ஏறி, அந்த வால் ஃபைலே மறைந்துவிடும். மின்சாரம் சட்டென்று போனதால் ஏறாமல் நின்றுவிட்டது. சிட்டையை விட்டுவிட்டுப் பேரேட்டை மட்டும் தூக்கிவந்தவன் நான். கடைக்காரர் மகனுக்கே தெரியவில்லை!

மறுநாள் காலைக் கூட்டத்தில், தப்பு என்னுடையது என்று அதே ஆட்கள் முன்னால் சொன்னேன். "பரவால்ல சார்" என்றாள். கத்தியதுதான் இன்றும் உறுத்துகிறது.

பேரனிடம் கேட்டேன்: "வாலையும் எடுத்தியாடா?"

"எந்த வால் தாத்தா?"

உட்காரவைத்து முதலிலிருந்து சொன்னேன்.