லிஃப்ட் வாசல் வரை

டிசம்பர் கடைசி வாரத்தில் நாய் வளர்ப்பவர்கள் எனக்கு அனுப்பும் செய்திகளில் பெரிய ஆசைகள் இருக்கும். "அக்கா, வர்ற வருஷம் இவளை ஞாயித்துக்கிழமை தேக்காவுக்குக் கூட்டிட்டுப் போகணும்." "யாரைப் பார்த்தாலும் குரைக்கக் கூடாது அக்கா." நாய்களைப் பழக்குவது என் தொழில். எந்த ஆசையையும் நான் மறுப்பதில்லை. உங்கள் நாய் இன்றைக்கு எந்த இடம்வரை நிம்மதியாக வருகிறது என்று மட்டும் கேட்பேன். இலக்கு அங்கேதான் தொடங்க வேண்டும்.

என்னிடம் வருபவற்றில் பல, 'சிங்கப்பூர் ஸ்பெஷல்' என்று நாம் செல்லமாக அழைக்கும் கலப்பின நாய்கள். வீடமைப்பு வளர்ச்சிக் கழக (வீவக) வீட்டில், அனுமதிக்கப்பட்ட இனங்களில் ஒரே ஒரு நாய்தான் வளர்க்கலாம் என்பது விதி. 2012-ல் தொடங்கிய 'அடோர்' திட்டம்தான் தெருவில் பிறந்தவற்றுக்கும் அடுக்குமாடிக் கதவைத் திறந்துவிட்டது. கருத்தடை, மைக்ரோசிப், உரிமம் ஆகியவற்றோடு அடிப்படைக் கீழ்ப்படிதல் பயிற்சியும் அதன் நிபந்தனை. நல்ல நிபந்தனை. சுங்கை காடுட் தொழிற்பேட்டையிலோ லிம் சூ காங் புதர்க்காட்டிலோ வளர்ந்த குட்டிக்கு லிஃப்ட் என்றால் என்னவென்று எப்படித் தெரியும்? பத்தாவது மாடியில் குடியேறிய நாய்க்கு அந்தப் பெட்டிதான் முதல் மலை.

பயந்த நாயை இழுத்து உள்ளே ஏற்றினால் ஏறிவிடும்தான். மறுநாள் வீட்டு வாசலைத் தாண்டாது. நான் செய்வது வேறு. 'டிங்' என்று ஒலிக்கும்போது நாயின் காது பின்னால் மடங்காத தூரத்தில் நின்றுகொள்வோம், அது தாழ்வாரத்தின் அந்தக் கோடியாக இருந்தாலும் சரி. ஒலி கேட்டதும் பட்டாணி அளவில் ஒரு துண்டு அவித்த கோழி. மறுபடி ஒலி, மறுபடி துண்டு. போகப் போக, ஒலி வந்ததும் நாய் தானாக என் கையைத் திரும்பிப் பார்க்கும். அப்போதுதான் இரண்டடி முன்னே போவோம். உதட்டை நக்குவது, தூக்கம் வராதபோதும் கொட்டாவி விடுவது, உடம்பை விறைப்பாக்குவது எல்லாம் பதற்றத்தின் அறிகுறிகள். பிடித்த கோழியையே வாங்க மறுத்தால் அன்றைய பாடம் முடிந்தது. பின்வாங்கிவிட வேண்டும்.

தூரம், நேரம், இடையூறு. எந்தப் பழக்கத்தையும் கடினமாக்குபவை இந்த மூன்றுதான். ஒன்றைக் கூட்டும்போது மற்ற இரண்டையும் குறைக்க வேண்டும். கூடத்தில் ஒரு நிமிடம் உட்காரும் நாயிடம், புளோக்கின் கீழே பிள்ளைகள் பந்து விளையாடும்போது ஐந்து நொடி கேட்டால் போதும்.

'குரைக்கக் கூடாது' என்பதை அப்படியே இலக்காக நான் எழுதுவதில்லை. செய்யாதே என்பதை நாய்க்குக் கற்றுத்தர வழியில்லை. தாழ்வாரத்தில் யாராவது கடந்தால் தன் பாயில் போய்ப் படுப்பது என்று எழுதுங்கள். அதைக் கற்றுத்தரலாம், கோழித்துண்டு கொடுத்துப் பாராட்டலாம், ஒவ்வொரு வாரமும் முன்னேற்றத்தைப் பார்க்கலாம். பக்கத்து வீட்டுக்காரரும் நிம்மதியாக இருப்பார்.

ஜனவரி முதல் தேதியிலேயே தொடங்குங்கள் என்று சொல்ல மாட்டேன். முந்தைய இரவுதான் மரினா பே வாணவேடிக்கை. மிரண்ட நாய் தெளியச் சில நாள் ஆகலாம். பிறகு பொங்கல், கேம்பல் லேன் பக்கம் மாட்டு வாசம். தைப்பூச நாளில் பெருமாள் கோயிலிலிருந்து டேங்க் ரோடுவரை கூட்டம். சீனப் புத்தாண்டில் புளோக்கின் கீழேயே சிங்க நடன மேளம். இந்த வாரங்களில் தெரிந்த பழக்கத்தைக் கெடாமல் காப்பதே பெரிய காரியம். புதிய, கடினமான இலக்கு மேளச் சத்தம் ஓய்ந்தபின் வரட்டும்.

தேக்கா ஆசைக்கும் வழி உண்டு. ஞாயிறு மாலைக் கூட்டம் கடைசிப் படி. முதல் படி, வார நாளில் பொழுது விடிந்ததும் பஃபலோ சாலையின் ஓரம், சில நிமிடங்கள் மட்டும். ரயிலிலும் பேருந்திலும் வழிகாட்டி நாய்களைத் தவிர மற்றவற்றுக்கு இடமில்லை என்பதால், தொலைவில் இருப்பவர்கள் தங்கள் பேட்டைச் சந்தையின் வெளியோரத்திலேயே பழக்கலாம். ஆனால் அதற்கும் முன்னால் 'விடு' என்ற சொல் வேண்டும். உணவுக்கடை மேசைக்கடியில் கிடக்கும் வெந்த கோழியெலும்பு சிம்பு சிம்பாக உடைந்து குடலைக் குத்தக்கூடியது. மூடிய கையில் ஒரு துண்டை வைத்து நீட்டுங்கள். நாய் முகரும், நக்கும், காலால் பிராண்டும். பேசாமல் இருங்கள். மூக்கை அது விலக்கிய அந்த நொடியில், மற்றக் கையிலிருந்து இன்னும் நல்ல துண்டைக் கொடுங்கள். உயிரைக் காக்கும் பழக்கம் இது. ஒன்றே ஒன்றுதான் முடியும் என்றால் இதைத்தான் தேர்ந்தெடுக்கச் சொல்வேன்.

எந்தச் சொல்லானாலும் வீட்டில் எல்லோரும் ஒன்றையே சொல்ல வேண்டும். நம் வீடுகளில் பாட்டி 'உக்காரு' என்பார், பிள்ளைகள் 'சிட்' என்பார்கள், பணிப்பெண் தன் மொழியில் ஒன்று சொல்வார். நாய் மூவரையும் மாறி மாறிப் பார்க்கும், அடங்காத நாய் என்று பெயர் வாங்கும். குடும்பமாக உட்கார்ந்து ஒரு சொல்லை முடிவுசெய்து, குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். தினமும் நாயை வெளியே கூட்டிச்செல்பவர் பணிப்பெண்தான் என்றால், தயவுசெய்து முதல் வகுப்பிலிருந்தே அவரையும் அழைத்து வாருங்கள்.