கிலோமீட்டருக்கு 89 ரூபாய்

குறிஞ்சிப்பாடியில எங்க வீட்டு வாசல்ல ஒரு ஸ்போர்ட்ஸ் கார் நிக்குது மக்களே. பேரைச் சொன்னா சிரிப்பீங்க. ஃபோர்டு ஐகான் 1.6, 2004 மாடல். ஃபெராரி இருக்கிற ஊர்ல இதுக்கு ஸ்போர்ட்ஸ் கார்னு பேரு வைக்க முடியாதுதான். ஆனா மாருதி 800 வெறும் 37 குதிரைத்திறனோட ஓடிக்கிட்டிருந்த காலத்துல, 90க்கு மேல குதிரைத்திறனோட மறைமலை நகர்லேர்ந்து வந்து இறங்கின வண்டி இது. 'ஜோஷ் மெஷின்'னு விளம்பரம் பண்ணினாங்க. ராலி ஓட்டுறவங்களும் இதைத் தேடிப் பிடிச்சு ஓட்டினாங்க. கைத்தறிச் சத்தமும் கைலி மூட்டையுமா இருக்கிற எங்க ஊருக்கு இதுவே போதும்ங்க.

போன வருஷம் இந்த வண்டி ஓடினது மொத்தம் 412 கிலோமீட்டர். ஆமா, வருஷத்துக்கு. பொட்டி தட்டுறவன் சும்மா இருப்பானா? பில்லையெல்லாம் எடுத்து வச்சு ஒரு எக்ஸெல் ஷீட் போட்டேன்.

தேர்டு பார்ட்டி இன்ஷூரன்ஸ் 9,318. புகைச் சான்றிதழ் ரெண்டு தடவைக்கும் சேர்த்து 300. ஆர்.சி. புதுப்பிச்ச கட்டணம் 5,000, அஞ்சு வருஷத்துக்குப் பிரிச்சா வருஷம் 1,000. பேட்டரி 5,400, நிக்கிற வண்டியில ரெண்டு வருஷம்தான் வருது, அப்போ வருஷம் 2,700. என்ஜின் ஆயில், ஃபில்டர் 3,200. டயர் நாலும் 20,400, ஆறு வருஷக் கணக்குல 3,400. பிரேக் வேலை, எலி கடிச்ச வயர் எல்லாம் சேர்த்து 6,500. வாரம் ஒரு தடவை துடைச்சு ஸ்டார்ட் பண்ணி வைக்கிற பக்கத்துத் தெருப் பையனுக்கு மாசம் 500, வருஷம் 6,000.

கூட்டினா 32,418 ரூபாய். இதுல பெட்ரோலே வரலை! அது ஒரு 4,200. ஆக மொத்தம் 36,618. 412ஆல வகுத்துப் பாருங்க. கிலோமீட்டருக்கு 89 ரூபாய். கால் டாக்ஸிக்குக் கிலோமீட்டருக்கு 20 ரூபாய் குடுத்திருந்தாக்கூட, அதே தூரத்தை 8,240 ரூபாயில ஏசி போட்டுக்கிட்டுப் போயிட்டு வந்திருக்கலாம்.

ஓடாத வண்டிக்கு எதுக்குய்யா செலவுன்னு கேக்கலாம். அங்கதான் விஷயமே இருக்கு. வண்டிக்கு ரெண்டு கடிகாரம். ஒண்ணு கிலோமீட்டர்ல ஓடும், இன்னொண்ணு காலண்டர்ல ஓடும். நாம வண்டியை நிறுத்தினா மொதல் கடிகாரம்தான் நிக்கும். ரெண்டாவது பாட்டுக்கு ஓடிக்கிட்டே இருக்கும். ஆயில் ஈரத்தை வாங்கிக் கெட்டுப்போகும். பேட்டரி தானா இறங்கும். டயர் ஒரே இடத்துல அமுங்கி நின்னு அடிப்பக்கம் தட்டையாகும், ரப்பர் வெடிக்கும். பிரேக் டிஸ்க்ல துரு ஏறும். எங்க ஊர்லேர்ந்து கடல் ரொம்பத் தூரமில்ல, காத்துலயே உப்பும் ஈரமும் இருக்கு. இந்தப் பக்கம் நெய்வேலிச் சாம்பல். எலியைப் பத்தி நான் தனியா சொல்ல வேண்டியதில்ல.

இது ஏழை ஐகானுக்கு மட்டும் இல்ல, பெரிய இடத்துலயும் இதே கதைதான். ஃபெராரி 355ன்னு ஒரு வண்டி. அதுல டைமிங் பெல்ட்டை சில வருஷத்துக்கு ஒரு தடவை மாத்தியே ஆகணும், ஓடினாலும் ஓடாட்டியும். அந்த பெல்ட்டை மாத்த என்ஜினையே கீழ இறக்கணும். அடுத்து வந்த 360 மாடல்ல என்ஜினை இறக்காமலே சீட்டுக்குப் பின்னாடி வழியா மாத்திடலாம். ஆனாலும் காலக்கெடு காலக்கெடுதான். நம்ம சச்சினுக்கு 2002ல, பிராட்மேனோட 29 டெஸ்ட் சதத்தைத் தொட்டதுக்காக ஷூமாக்கர் கையால சாவி குடுத்தது இந்த 360 மாடல்தான். அதுக்கு இறக்குமதி வரியே ஒரு கோடிக்கு மேல. அரசு 2003ல தள்ளுபடி பண்ண, கோர்ட்டு வழக்குன்னு போயி, கடைசியில ஃபியட் கம்பெனி கட்டுச்சு. 2011ல அந்த வண்டி சூரத் வியாபாரி ஒருத்தர் கைக்குப் போயிடுச்சு. சச்சின் வண்டியே கை மாறுதுன்னா ஐகான் எந்த மூலைக்கு!

காலண்டர் கடிகாரத்துக்கு சாவி குடுக்கிறதுல அரசாங்கத்துக்கும் பங்கு உண்டு. தேர்டு பார்ட்டி பிரீமியம் என்ஜின் அளவைப் பார்த்துத்தான். 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி 1000 சிசி வரைக்கும் 2,094 ரூபாய், 1500 வரைக்கும் 3,416, அதைத் தாண்டினா ஒரே தாவா 7,897. அதுக்கு மேல 18 சதவீதம் ஜி.எஸ்.டி. எங்க வண்டி 1600 சிசிக்குக் கொஞ்சம் கம்மி. அந்த நூறு சிசிக்குத்தான் இவ்வளவு. வருஷம் முழுக்க ஓடுற வண்டிக்கும் வாசல்ல நிக்கிற வண்டிக்கும் ஒரே ரேட்டு.

ஆர்.சி. கதையையும் கேளுங்க. 15 வருஷம் முடிஞ்சு 2019ல புதுப்பிச்சப்போ கட்டணம் 600 ரூபாய். 2022 ஏப்ரல்லேர்ந்து அது 5,000. நாங்க 2024ல அதைக் கட்டினோம். 2025 ஆகஸ்ட்ல வந்த அறிவிப்புல 20 வருஷம் தாண்டின காருக்கு 10,000 ஆக்கிட்டாங்க. அடுத்து 2029ல அதான் கட்டணும். பழைய வண்டியை மக்கள் வச்சிருக்கக் கூடாதுங்கிறதுதான் நோக்கம். புகை, பாதுகாப்புன்னு பார்த்தா அதுல நியாயம் இருக்கு, மறுக்கலை.

அப்போ வித்துத் தொலைக்க வேண்டியதுதானேன்னு கேக்குறீங்க. அம்மாவும் அதைத்தான் கேக்குறாங்க. "ஏன்டா, அந்தக் காசுக்குக் கொல்லைப்பக்கம் ஷீட்டாவது போட்டிருக்கலாம்ல? மழை பேஞ்சா பாத்திரம் கழுவ நிக்க எடமில்ல." அம்மா கேக்குறதுல தப்பே இல்ல. அவங்க கணக்கு என்னோட எக்ஸெல்லை விட சுத்தமானது.

சிக்கல் அப்பா.

அப்பா என்.எல்.சி.யில மெயின்டனன்ஸ். முப்பது வருஷத்துக்கு மேல சுரங்கத்துல, அந்த ராட்சச சக்கரம் வச்ச மண்வெட்டி மெஷின் பக்கத்துலயே ஓடின வாழ்க்கை. நெய்வேலி டவுன்ஷிப்ல குவார்ட்டர்ஸ்ல இருந்தப்போதான் இந்த வண்டியை வாங்கினார். எனக்கு அப்போ ஆறு வயசு. டவுன்ஷிப் ரோடு எப்படி இருக்கும்னு போனவங்களுக்குத் தெரியும். அகலமா, நேரா, ரெண்டு பக்கமும் மரம். வட்டத்துக்கு வட்டம் ரவுண்டானா. ராத்திரி ஷிஃப்ட் முடிச்சு வந்து, தூங்காம எங்களை ஏத்திக்கிட்டு ஒரு ரவுண்டு போவார். சினிமா, சீட்டாட்டம், டீக்கடைப் பேச்சு எதுவும் கிடையாது. அவருக்குன்னு இருந்த ஒரே ஆடம்பரம் இதுதான்.

2011 டிசம்பர் 30, தானே புயல். கடலூர், பண்ருட்டிப் பக்கம் பலாவும் முந்திரியும் அடியோட சாய்ஞ்ச அந்த விடியக்காலை. முதல் நாள் சாயங்காலமே அப்பா வண்டியை மரத்தடியிலேர்ந்து எடுத்துட்டுப் போயி வெட்டவெளி மைதானத்துல நிறுத்திட்டு வந்தார். பக்கத்து வீட்டு அங்கிள் கிண்டல் பண்ணினார். மறுநாள் பார்த்தா எங்க தெருவுல நடக்கவே வழியில்ல, எங்க பார்த்தாலும் மரம். வண்டி மேல இலையும் சேறும்தான், ஒரு கீறல் இல்ல.

2019ல ரிட்டயர் ஆகி, குவார்ட்டர்ஸைக் காலி பண்ணிட்டுக் குறிஞ்சிப்பாடி வீட்டுக்கு வந்தாச்சு. 2023ல கண் டாக்டர் குளுகோமான்னு சொன்னார். நேரா பார்க்கிறது தெரியுது, பக்கவாட்டுப் பார்வை போயிடுச்சு. போனது திரும்ப வராது, இருக்கிறதைக் காப்பாத்தலாம்னார். கூடவே, "இனிமே வண்டி ஓட்டாதீங்க சார்"னார். அப்பா தலையாட்டினார். வீட்டுக்கு வந்து சாவியை சாமி படத்துப் பக்கத்துல மாட்டினார். அதுக்கப்புறம் ஒரு நாளும் எடுத்து ஓட்டலை.

இப்போ புரியுதா மக்களே? வண்டியை விக்கிறதுங்கிறது ஒரு பொருளை விக்கிறது இல்ல. "இனிமே உங்களால முடியாது"ங்கிறதை டாக்டர் ஒரு தடவை சொல்லியாச்சு. நாங்களும் ஒரு தடவை சொல்லணும். அதான் யாருக்கும் வாய் வரலை.

போன தீபாவளிக்கு ஊருக்குப் போனப்போ எக்ஸெல் ஷீட்டை அப்பாகிட்டயே காட்டிட்டேன். கிலோமீட்டருக்கு 89 ரூபாய்னு. கோவிச்சுக்குவார்னு நினைச்சேன். கண்ணாடியை ஏத்தி விட்டுக்கிட்டு வரி வரியா படிச்சார். அப்புறம், "கணக்கு சரிதான்டா. ஆனா நிக்கிற மெஷினுக்குப் போட்ட கணக்கு. ஓடுற மெஷின் தேயும், நிக்கிற மெஷின் துருப்பிடிக்கும். தேய்மானத்துக்குக் கணக்கு இருக்கு, துருவுக்குக் கணக்கே கிடையாது"ன்னார்.

அப்புறம் ஒரு வகுப்பே எடுத்தார். பையன் வாரா வாரம் அஞ்சு நிமிஷம் ஸ்டார்ட் பண்ணி ஆஃப் பண்றது வண்டிக்கு நல்லதே இல்லையாம். ஸ்டார்ட் பண்ண எடுத்த கரண்டை பேட்டரிக்குத் திருப்பிக் குடுக்க அஞ்சு நிமிஷம் பத்தாது. என்ஜின் முழுசா சூடாகிறதுக்குள்ள ஆஃப் பண்ணினா, உள்ள உண்டான நீராவி தண்ணியாகி ஆயில்லயும் சைலன்சர்லயும் தங்கும். பெட்ரோல் இன்னொரு தலைவலி. இப்போ பங்க்ல கிடைக்கிறது 20 சதவீதம் எத்தனால் கலந்தது. எத்தனால் காத்துல இருக்கிற ஈரத்தை இழுக்கும். வருஷத்துக்கு 41 லிட்டர் எரிக்கிற வண்டியில டேங்க்கை நிரப்பினா ஒரு வருஷத்துப் பழைய பெட்ரோல், நிரப்பலைன்னா காலி இடத்துல ஈரம். எப்படிப் பார்த்தாலும் மருந்து ஒண்ணுதான். ஓட்டணும். நல்லா சூடாகிற அளவுக்கு, நாப்பது கிலோமீட்டராவது.

வடலூர் மெக்கானிக் அண்ணன்கிட்டயும் கேட்டேன். "சார் சொல்றதுதான் தம்பி கரெக்ட்டு. உங்க வண்டி ஓடி ரிப்பேர் ஆனதே இல்ல, நின்னுதான் ஆயிருக்கு"ன்னார்.

அதனால ஒரு முடிவு. நான் சென்னையிலேர்ந்து பதினைஞ்சு நாளைக்கு ஒரு தடவை எப்படியும் ஊருக்கு வர்றேன். அந்த ஞாயித்துக்கிழமை காலையில குறிஞ்சிப்பாடி - வடலூர் - நெய்வேலி டவுன்ஷிப், போக வர நாப்பது கிலோமீட்டர். வருஷத்துக்கு 1,040. எக்ஸெல்லைத் திருத்தினேன். பையனுக்குக் குடுத்த 6,000 மிச்சம், நானே துடைச்சுக்கிறேன். பேட்டரி நாலு வருஷம் வந்தா அதுல 1,350 மிச்சம். பெட்ரோல் 10,608 ஆகும். மொத்தம் 35,676. முன்னாடி ஆனதை விடக் கம்மி! தூரம் ரெண்டரை மடங்கு. கிலோமீட்டருக்கு 34 ரூபாய். டாக்ஸியை இன்னும் ஜெயிக்கலை. ஆனா டாக்ஸிக்காரர் எங்க அப்பாவை முன் சீட்டுல வச்சுக்கிட்டு, "தேர்டுக்கு மாத்துடா, என்ஜின் முக்குது பாரு"ன்னு திட்டு வாங்குவாரா?

அதான் விஷயம். அப்பாவுக்குப் பக்கவாட்டுப் பார்வைதான் இல்ல, காது நல்லாவே இருக்கு. போன மாசம் ஆர்ச் கேட் தாண்டினதும் "நிறுத்து"ன்னார். முன் பக்க வலது வீல்ல சத்தம் வருதாம். எனக்கு ஒண்ணுமே கேக்கலை. மெக்கானிக் அண்ணன் தூக்கிப் பார்த்தா வீல் பேரிங். புதுப்பேட்டையில தேடி வாங்கிட்டு வந்து மாத்தினோம். அன்னிக்கு முழுக்க அப்பா முகத்துல இருந்த வெளிச்சத்தை எந்தக் காலத்துல சேர்க்கிறதுன்னு எக்ஸெல்ல எனக்குத் தெரியலை.

அம்மாவுக்கு? ஷீட் போட்டாச்சுங்க. போனஸ்ல மொத வேலையா அதைத்தான் பண்ணினேன். அவங்க கணக்கையும் தீர்க்காம இந்தக் கணக்கைப் பேசுறது நியாயமில்ல. இப்போ அவங்களும் சில ஞாயித்துக்கிழமை பின் சீட்டுல வர்றாங்க, டவுன்ஷிப் மெயின் பஜார்ல காய் வாங்க.

2029ல 10,000 கட்டணும்ப்பா, அதுக்குள்ள ஒரு முடிவு எடுக்கணும்னு மெதுவா சொல்லிப் பார்த்தேன். "அதுக்கு இன்னும் மூணு வருஷம் இருக்குல்ல. மொதல்ல அந்த கூலன்ட் ஹோஸைப் பாரு, விரிசல் விட்டிருக்கு"ன்னார்.

பார்க்கணும்.

பி.கு.: எலிக்கு நாஃப்தலின் உருண்டை, புகையிலை எல்லாம் போட்டுப் பார்த்தாச்சு. எங்க தெரு எலி ரெண்டையும் மதிக்கலை. உங்க ஊர்ல வேற வைத்தியம் ஏதாவது வேலை செஞ்சிருந்தா புண்ணியமா போகும், சொல்லுங்க.