வெட்டுத் தெரிந்தவர்கள்

வியாசர்பாடியில் ஒரு சமுதாயக் கூடத்தின் மாடி. ஞாயிற்றுக்கிழமை காலை நான் போனபோது ஆறு மிதி மிஷின்களில் ஒன்றுகூட ஓடவில்லை. பதினைந்து பேர் தரையில் உட்கார்ந்து, பழைய செய்தித்தாளை விரித்து, ஸ்கேலும் பென்சிலுமாகக் கோடு போட்டுக்கொண்டிருந்தார்கள்.

தையல் வகுப்பென்றால் முதலில் மிதிக்கப் பழக்குவார்கள். நூல் கோக்காமல் காகிதத்தில் நேர்கோடு அடிக்க வைப்பார்கள். அப்புறம் தலையணை உறை, பாவாடை. பிளவுஸ் வெட்டு கடைசியில்தான் வரும். பல வகுப்புகளில் வராமலே போய்விடும். இங்கே இரண்டாவது வாரமே வெட்டு. ஏன் என்று மாஸ்டரிடம் கேட்டேன்.

“கட்டிங் தெரியலைன்னா காலம் பூரா அடுத்தவங்க வெட்டிக் குடுத்ததைத்தாம்மா தைக்கணும்.”

பதினொரு வயதில் ஒரு தையல்கடையில் காஜா பையனாகச் சேர்ந்தவர் அவர். காஜா எடுக்கவும் பட்டன் கட்டவும் ஹெம்மிங் பண்ணவும் கற்றுக்கொடுத்தார்களாம். முதலாளி துணியில் சாக்பீஸை வைக்கும்போது மட்டும் டீ வாங்கிவர அனுப்பிவிடுவார்களாம். ராத்திரி கடையைக் கூட்டும்போது வெட்டுத்துண்டுகளைப் பொறுக்கி எடுத்து வந்து வீட்டில் அடுக்கிப் பார்த்திருக்கிறார். கழுத்திலிருந்து விழுந்த பிறைத்துண்டு, கைக்குழியிலிருந்து விழுந்த வளைந்த துண்டு. விழுந்ததை வைத்து, மிச்சம் எப்படி இருந்திருக்கும் என்று கண்டுபிடித்ததுதான் அவர் படித்த படிப்பு. அதைச் சொல்லும்போது அவர் குரலில் கோபம் இல்லை. எனக்குத்தான் இருந்தது.

இப்போது அதே வளைவைச் செய்தித்தாளில் எல்லாருக்கும் வரைந்து காட்டுகிறார். மார்புச் சுற்றளவு 36 இஞ்ச் என்றால் நாலில் ஒரு பங்கு 9. அதோடு தளர்வுக்குக் கொஞ்சம், தையலுக்குக் கொஞ்சம். பக்கத் தையலில் உள்ளே துணி விடச் சொல்வதில் மனிதர் பிடிவாதக்காரர். பிள்ளை பெற்றவள் ஒரு தையலைப் பிரித்துவிட்டால் அதே பிளவுஸைப் போட்டுக்கொள்ள முடிய வேண்டும். எட்டாம் வகுப்போடு நின்றவர்கள் நாலில் ஒரு பங்கையும் எட்டில் ஒரு பங்கையும் மனக்கணக்காகப் போடுவதைப் பார்க்க அவ்வளவு நிறைவாக இருந்தது.

அவரோடு இன்னொருவரும் சம்பளமில்லாமல் வருகிறார், அரசுப் பள்ளியில் தையல் ஆசிரியையாக இருந்து ஓய்வு பெற்றவர். கைத்தையல் முழுக்க அவர் பொறுப்பு. கொக்கி கட்டும்போது நூல் வெளியே தெரிந்தால், “பிரிச்சிடு கண்ணு” என்பார். மிஷினுக்கு எண்ணெய், ஊசி எல்லாம் இந்த இருவர் கைக்காசுதான்.

ஜன்னலோரம் இருந்த அக்காவிடம்தான் வெகுநேரம் பேசினேன். அம்பத்தூரில் ஓர் ஏற்றுமதி ஆடை கம்பெனியில் பன்னிரண்டு வருஷம் வேலை பார்த்தவர். பன்னிரண்டு வருஷமும் காலர். “கண்ணை மூடிக்கிட்டே காலர் வைப்பேன் மேடம். ஆனா என் பையனுக்கு ஒரு சட்டை தைக்கத் தெரியாது.” அங்கே ஒரு சட்டை பல கை மாறித்தான் சட்டையாகிறது. துணியை அடுக்கடுக்காகப் போட்டு வேறொரு பிரிவில் வெட்டி அனுப்பிவிடுவார்கள். இவர் கையில் இருந்ததெல்லாம் நூல் நறுக்கும் சின்னக் கத்தரி.

சத்தியவாணி முத்து அம்மையார் பெயரில் அரசு இலவசத் தையல் மிஷின் கொடுக்கிறது. கணவரை இழந்தவர்கள், கைவிடப்பட்டவர்கள், மாற்றுத்திறனாளிகள் போன்றோருக்கான நல்ல திட்டம். தையல் பயின்ற சான்றிதழ் வேண்டும். அப்படி மிஷின் வாங்கிய ஒருவரும் வகுப்பில் இருந்தார். சான்றிதழுக்காகப் படித்தது பாவாடையோடு நின்றுவிட்டதால், ஃபால்ஸ் அடிப்பதைத் தாண்ட முடியாமல் இங்கே வந்திருக்கிறார். மிஷினைக் கொடுக்கிறவர்கள் வெட்டையும் கற்றுக்கொடுத்தால்தான் கொடுத்தது முழுமையாகும் என்று எனக்குத் தோன்றியது.

மதியத்துக்குள் காலர் அக்காவின் முறை வந்தது. அம்மாவுக்கு பிளவுஸ். பச்சைத் துணி, ஒரு மீட்டர், சொந்தக் காசில் வாங்கியது. காகித அளவைத் துணிமேல் வைத்துக் குண்டூசி குத்தினார், சாக்பீஸால் சுற்றிக் கோடிழுத்தார். பெரிய கத்தரியை எடுத்துவிட்டுக் கீழே வைத்தார். மறுபடி எடுத்தார். மாஸ்டர் எதிரே குந்தி உட்கார்ந்து துணியின் ஓரத்தைப் பிடித்துக்கொண்டார். “கோட்டுக்கு வெளியவே போங்கம்மா. தப்பா வெட்டினாலும் கை பாகத்துக்கு ஆகும்.”

கத்தரி கைக்குழியைச் சுற்றி மெதுவாகத் திரும்பியது. விழுந்த துண்டை அக்கா எடுத்து, காகிதத்தின் வளைவோடு ஒட்டவைத்துப் பார்த்தார். பிறகு அந்தச் செய்தித்தாளின் ஓரத்தில் “அம்மா – 36” என்று எழுதி, நாலாக மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டார்.