ஏற்காட்டு மழை போகும் வழி

ஏற்காட்டுக்கு வருகிறவர்கள் ஏரியில் படகு விடுவார்கள். இருட்டியதும் சேலத்து விளக்குகளைப் பார்க்கத் தெற்குப் பக்கம் போய் நிற்பார்கள். வடக்குச் சரிவை எட்டிப் பார்ப்பவர் குறைவு. வாணியாறு அந்தச் சரிவில் பிறந்து, பாப்பிரெட்டிப்பட்டி, அரூர் வழியாகப் போய்த் தென்பெண்ணையில் சேர்கிறது. அதை ஒட்டியே நடந்து போய்ப் பார்ப்பது என்று கிளம்பினேன்.

இங்கேதான் ஆறு தொடங்குகிறது என்று கைகாட்ட ஓர் இடம் இல்லை. 1820-களில் சேலம் கலெக்டராக இருந்த காக்பர்ன் இந்த மலைக்குக் காப்பியைக் கொண்டுவந்தார். அன்று முதல் மேல்மலையின் பெரும்பகுதி எஸ்டேட்தான். சில்வர் ஓக், அதில் ஏறிய மிளகுக்கொடி, அடியில் காப்பி. பள்ளங்களில் மட்டும் பழைய சோலைக்காடு துண்டு துண்டாக மிஞ்சியிருக்கிறது. அங்கே நுழைந்ததும் காலடியில் மண் பஞ்சாகிவிடுகிறது, பாறையெல்லாம் பாசி, எந்தப் பக்கம் என்று தெரியாமல் நீர் கசிகிற சத்தம். ஆற்றுக்கு ஊற்று என்று சொன்னால் இந்தத் துண்டுக்காடுகளைத்தான் சொல்ல வேண்டும்.

5,300 அடிக்கு மேல் இருக்கும் உச்சியில் சேர்வராயன் குகைக்கோயில். மலையாளிப் பழங்குடியினர் கும்பிடும் சேர்வராயனுக்குப் பக்கத்தில் இருப்பவள் காவேரியம்மன். குகைக்குள் போகும் வழி காவிரி வரைக்கும் போகிறது என்பது மலைக்காரர்களின் நம்பிக்கை. வடசரிவில் விழும் மழை காவிரிக்குப் போகாது, தென்பெண்ணைக்குத்தான் போகும். ஆனாலும் அந்த நம்பிக்கையை அவ்வளவு சுலபமாகத் தள்ளிவிட முடியவில்லை. ஏன் என்பது அடிவாரத்துக்கு வந்தபிறகு தெரியும்.

எஸ்டேட் வேலி முடிகிற இடத்தில் காப்புக்காடு ஆரம்பம். வனத்துறை அனுமதி இல்லாமல் உள்ளே கால் வைக்கக் கூடாது. 2018 மார்ச்சில் குரங்கணிக் காட்டுத்தீ 23 பேரைக் கொன்ற பிறகு மலையேற்றத்துக்கென்று தனி விதிகளே வந்தன. அது நியாயம்தான். இறங்க இறங்கக் காடு உலர்கிறது. சோலையின் ஈரம் போய் மூங்கில், பிறகு வேங்கை, உசிலை, கடைசியில் முள். உச்சியில் ஆண்டுக்குச் சுமார் 1,500 மில்லிமீட்டர் மழை. அடிவாரத்தில் 900-ஐ எட்டினால் நல்ல வருஷம். ஒரே மலையில் மேலே இருப்பவன் மழைக்கோட்டைத் தேடும்போது கீழே இருப்பவன் கிணற்றை எட்டிப் பார்த்துக்கொண்டிருப்பான். காட்டுமாட்டின் சாணி ஈரமாகக் கிடந்த இடங்களில் துணைக்கு வந்தவர் பேச்சை நிறுத்திவிட்டு எட்டி நடை போட்டார்.

கிழக்கே மஞ்சவாடிக் கணவாய்க்கு அந்தப்புறம் சித்தேரி மலை நீலமாகத் தெரிகிறது. அதன் அடிவாரத்தில் வாச்சாத்தி. 1992 ஜூன் 20 அன்று, சந்தனமரம் தேடி வந்ததாகச் சொல்லி வனத்துறையும் காவல்துறையும் வருவாய்த்துறையும் அந்த ஊருக்குள் புகுந்தன. வீடுகள் நொறுங்கின, 18 பெண்கள் பாலியல் வன்கொடுமைக்கு ஆளானார்கள். 269 பேர் மீதான வழக்கில், அதற்குள் இறந்துபோனவர்கள் நீங்கலாக மற்ற எல்லோரும் குற்றவாளிகள் என்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளிக்க 2011 ஆனது. உயர் நீதிமன்றம் அதை உறுதிசெய்தது 2023-இல். அனுமதிச் சீட்டைச் சட்டைப்பையில் வைத்துக்கொண்டு, இந்தக் காட்டை வெறும் அழகாக மட்டும் பார்த்துக்கொண்டு வர என்னால் முடியவில்லை.

முள்ளிக்காட்டுக்குப் பக்கத்தில் ஆறு அணைக்குள் விழுகிறது. வாணியாறு அணையின் முழு உயரம் 65.27 அடி. ஆற்றின் கதை உண்மையில் சுவாரசியமாவது இதற்குப் பிறகுதான், ஏனென்றால் இதற்குக் கீழே பெரும்பாலான மாதங்களில் ஆறே கிடையாது. நீர் கால்வாயில் போகிறது. வெங்கடசமுத்திரம், மோளையானூர், ஆலாபுரம், தென்கரைக்கோட்டை என்று வயலுக்கும் ஏரிக்கும் பிரிகிறது. மணல் தடத்தில் நடப்பதை விட்டுவிட்டு நானும் ஏரிக்கு ஏரி நடக்க ஆரம்பித்தேன். எந்த ஏரிக்கு முதலில் தண்ணீர், கடைமடைக்கு எப்போது வந்து சேரும் என்பதுதான் இங்கே டீக்கடைப் பேச்சு.

"ஆத்துல என்னங்க இருக்குது? ஏரி ரொம்புச்சுன்னா கெணறு ஊறும், கெணறு ஊறுனா வெத்தல நிக்கும். அவ்ளோதான்," என்றார் ஒரு வெற்றிலைத் தோட்டக்காரர். அவருக்கு ஆறு என்பது மதகு திறக்கும் தேதி.

பாப்பிரெட்டிப்பட்டி வட்டாரத்துக்கு வெளியூர்க்காரன் வந்தால் வறண்ட தருமபுரி மாவட்டம் என்பதே மறந்துபோகும். பாக்குத்தோப்பு, அகத்தியில் படர்ந்த வெற்றிலை, மஞ்சள், கரும்பு. கோபாலபுரத்தில் சுப்பிரமணிய சிவா கூட்டுறவுச் சர்க்கரை ஆலை. எல்லாம் மேலே அந்தப் பள்ளங்களில் கசிந்த நீர்தான். ஆனால் குடத்தில் பிடிப்பது அது இல்லை. இந்த மாவட்டத்து நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம். பல்லில் கறையேறி, எலும்பு வளைந்த தலைமுறைகள் இங்கே உண்டு. அதற்காகத்தான் 2013-இல் ஒகேனக்கல் கூட்டுக்குடிநீர்த் திட்டம் தொடங்கிவைக்கப்பட்டது. ஆக, வாணியாற்றில் பயிர் வைத்துவிட்டு இந்த ஊர்கள் காவிரியைக் குடிக்கின்றன. மலையாளிகளின் குகை பைப்லைனாக வந்து சேர்ந்திருக்கிறது.

தென்கரைக்கோட்டையில் பாழடைந்த கோட்டைக்குள் கல்யாணராமர் கோயில். கல்தூண்களைத் தட்டினால் சுரம் வரும். ஆற்றங்கரையில் இவ்வளவு பெரிய கோட்டையைக் கட்டியவர்கள் காலத்தில் ஆற்றில் ஓடிய நீரும் அதற்கேற்றபடி இருந்திருக்கும் என்று நினைத்துக்கொண்டேன். அரூரைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. ஊர்ச் சாக்கடை சேரும் ஆறு எல்லா ஊரிலும் ஒரே மாதிரிதான் இருக்கிறது. மூக்கைப் பிடித்துக்கொண்டு பாலத்தைத் தாண்டினேன்.

அரூருக்கு வடகிழக்கே நாணலும் சீமைக்கருவேலமும் மூடிய அகலமான மணல் வழியாகப் போய்த் தென்பெண்ணையைத் தொட்டபோது, கொண்டுவந்து கொடுக்க வாணியாற்றிடம் ஒன்றும் மிச்சமில்லை. ஆண்டின் பெரும்பகுதிக்கு இதுதான் நிலை. ஆனால் 2024 டிசம்பர் முதல் நாட்களில், ஃபெஞ்சல் புயல் கரையேறி உள்ளே வந்து நின்றபோது, ஊத்தங்கரையில் ஒரே நாளில் 50 சென்டிமீட்டரும் அரூரில் 33 சென்டிமீட்டரும் கொட்டியது. வாணியாறு அணை நிரம்பி உபரி நீர் இந்த மணலில் இறங்கியது. தென்பெண்ணை எல்லாவற்றையும் சேர்த்துக்கொண்டு சாத்தனூருக்குப் போனது. அங்கிருந்து வினாடிக்கு 1.68 லட்சம் கன அடி திறந்துவிட்டார்கள். அணைக்குக் கீழே அகரம்பள்ளிப்பட்டில், திறந்து மூன்று மாதமே ஆன பாலத்தை வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. விழுப்புரமும் கடலூரும் முழங்காலளவு, கழுத்தளவு என்று அளந்துகொண்டிருந்த வாரத்தில், வெங்கடசமுத்திரத்துக்காரர்கள் அடுத்த மதகு திறப்பு எப்போது என்று கேட்க ஆரம்பித்திருப்பார்கள்.