சுழல வேண்டியது சக்கரம்

இங்கிலாந்தில் 1948இல் அறிமுகமான மோரிஸ் மைனர் வகை மகிழுந்து ஒன்றை அப்பா இன்றும் பேணி வருகிறார். பள்ளி விடுமுறையில் அதன் சக்கரத்தில் மெல்லிய அலங்காரக் கோடு வரைய முனைந்தேன். தூரிகையை வட்டமாக நகர்த்தினேன், கோடு நெளிந்தது. டர்பன்டைன் தோய்ந்த துணியால் மூன்று முறை துடைத்தழித்தேன்.

"கையை ஆட்டாதே, சக்கரம் சுற்றட்டும்" என்றார் அப்பா.

முன்சக்கரத்தை ஜாக்கியால் உயர்த்தி, அடியில் தாங்கியும் வைத்தோம். மரப்பெட்டியில் மணிக்கட்டை ஊன்றி, நீண்ட மயிர்த் தூரிகையை அசையாமல் பிடித்தேன். அப்பா சக்கரத்தை மெல்லச் சுழற்றினார். எனாமல் சாயம் சீராகப் படிந்தது.

முதலாம் ஆண்டு மாணவன் ஒருவனின் விரல்களை இறுகப் பற்றி, 'அ' எழுத இழுத்த நாள் நினைவுக்கு வந்தது. அன்று அவன் அழுதான்.

பெற்றோர்களே, அவனருகே நான் அசையாது அமர்ந்திருந்தாலே போதுமாயிருந்தது.