ஓரத்தில் பறந்த வாத்துகள்

நாய் மறுபடியும் சிரிக்கிறது. புனேயில் ஓர் அடுக்குமாடி வீடு. இரவு மணி 1. ஆரஞ்சு நிற பிளாஸ்டிக் துப்பாக்கியைக் கையில் வைத்துக்கொண்டு 40 வயது மனிதர் ஒருவர் டி.வி.யை முறைத்துக்கொண்டிருக்கிறார். நடுவில் பறக்கும் வாத்துகள் ஒழுங்காகச் சுடுபட்டு விழுகின்றன. ஓரத்தில் பறப்பவை தப்பிவிடுகின்றன. தப்பும்போதெல்லாம் புல்லுக்குள்ளிருந்து நாய் எழுந்து வாயைப் பொத்திக்கொண்டு சிரிக்கிறது. படுக்கையறையிலிருந்து மனைவியின் குரல்: "இன்னும் சரியாகலையா?"

சரியாக வேண்டிய அவசரம் இருந்தது. 2023 தீபாவளிக்கு பிலாயிலிருந்து அண்ணன் வருகிறார். 1994இல், உருக்காலை ஊழியரான அப்பா போனஸ் பணத்தில் வாங்கித் தந்த வீடியோ கேம் பெட்டியின் முன்னால்தான் சகோதரர்கள் அந்தக் கோடை முழுவதையும் கழித்தார்கள். ஜப்பானின் நிண்டெண்டோ 1984இல் வெளியிட்ட 'டக் ஹண்ட்' ஆட்டம் அது. பெட்டி என்னவோ நகல்தான். அன்று பெரும்பாலான இந்திய வீடுகளுக்கு வந்தது நகல்தான்.

அந்தப் பழைய துப்பாக்கி எதையும் சுடவில்லை. பார்க்க மட்டுமே செய்தது. விசையை அழுத்தியதும் திரை கண நேரம் கறுப்பாகும். அடுத்து, வாத்து இருக்கும் இடத்தில் மட்டும் ஒரு வெள்ளைக் கட்டம் மின்னும். குழலுக்குள் இருக்கும் ஒளி உணரி கறுப்புக்குப் பின் வெள்ளையைக் கண்டால் வாத்து காலி. படக்குழாய் டி.வி. படத்தைக் கோடு கோடாக, தாமதமே இல்லாமல் வரையும் என்ற நம்பிக்கையில் எழுந்த ஏற்பாடு இது. இன்றைய தட்டை டி.வி.க்கள் படத்தைக் கொஞ்சம் யோசித்துவிட்டுத்தான் காட்டுகின்றன. வெள்ளைக் கட்டம் வந்து சேர்வதற்குள் ஆட்டம் தீர்ப்பு சொல்லி முடித்துவிடும். பரணிலிருந்து பழைய துப்பாக்கியை எடுத்துத் துடைத்துப் புண்ணியமில்லை.

எனவே அவர் வாங்கியது யு.எஸ்.பி. துப்பாக்கி. அதன் முனையில் சின்ன கேமரா. ஆட்டத்தைச் சுற்றி கம்ப்யூட்டர் ஒரு வெள்ளைச் சட்டம் போடும். கேமரா அந்தச் சட்டத்தைப் பார்த்து, துப்பாக்கி எங்கே குறி வைக்கிறது என்று கணக்கிடும். கம்ப்யூட்டரைப் பொறுத்தவரை அது துப்பாக்கியே அல்ல, இன்னொரு மௌஸ்.

முதல் நாள், கம்ப்யூட்டர் அதைக் கண்டுகொள்ளவே இல்லை. இழுப்பறையிலிருந்து எடுத்துச் செருகிய ஒயர் போன் சார்ஜ் செய்ய மட்டுமே லாயக்கானது. மின்சாரம் போகும், தகவல் போகாது. ஒயரை மாற்றினால், ஆட்டம் மேஜை மேலிருந்த பழைய மௌஸின் பேச்சை மட்டும் கேட்டது. எந்த மௌஸ் என்று அமைப்பில் மாற்ற ஒரு மணி நேரம். இரண்டாம் நாள் குறி நடுங்கியது. குற்றவாளி, திரையில் பளபளத்த டியூப் லைட்டின் பிரதிபலிப்பு. மூன்றாம் நாள் வெள்ளைச் சட்டத்தையே காணோம். படத்தின் விளிம்பைக் கொஞ்சம் வெட்டிக் காட்டும் பழைய பழக்கத்தை டி.வி.க்கள் ஏனோ இன்னும் விடவில்லை. அதையும் நிறுத்தினார். மிச்சமிருந்தது ஓரத்து வாத்துகள். மென்பொருளை இரண்டு முறை அழித்து மறுபடி நிறுவியும் அவை சாகவில்லை.

அண்ணன் வந்தார். பலகாரம், மருமகனுக்குப் பட்டாசு எல்லாம் ஆனபின் துப்பாக்கியை நீட்டியபோது வாங்கிக்கொள்ளவில்லை.

"நீ ஆடு. நான் பாக்கறேன்."

"உனக்காகத்தானே வாங்கினேன்!"

"ஓரத்துல வர்றது தெரியாதுடா எனக்கு."

க்ளாக்கோமா. கண்ணுக்குள் அழுத்தம் கூடி பார்வை நரம்பைத் தின்னும் நோய். வலி தெரியாது, பெரும்பாலும் பக்கப் பார்வைதான் முதலில் போகும். போனது திரும்பாது. இருப்பதைக் காப்பாற்ற தினமும் சொட்டு மருந்து. இரண்டு வருடமாக நடக்கிறது. அண்ணி போனில் ஒருமுறை 'சொட்டு மருந்து' என்று சொன்னது தம்பிக்கு ஞாபகம் இருந்தது. ஏதோ கண் எரிச்சல் என்று நினைத்து, என்னவென்று கேட்காமலே விட்டிருந்தார். அம்மாவுக்கு இன்னும் தெரியாது.

கொஞ்ச நேரம் யாரும் பேசவில்லை. பிறகு அண்ணனே எழுந்து நாற்காலியைச் சுவர்வரை பின்னால் இழுத்துப் போட்டார். "இவ்வளவு தள்ளி உட்கார்ந்தா முழு டி.வி.யும் கண்ணுக்குள்ள வந்துடும். குடு." ஒயர் எட்டவில்லை. பிரிண்டருக்கு வாங்கிய நீட்டிப்பு ஒயரை எடுத்து இணைத்தார் தம்பி.

இடது மூலையில் ஒரு வாத்து எழும்பியது. விழுந்தது. வலது மூலையில் இன்னொன்று. அதுவும் விழுந்தது.

துப்பாக்கியில் ஒரு கோளாறும் இருந்திருக்கவில்லை. பெரிய திரைக்குக் கிட்டத்தில் உட்கார்ந்து இடது மூலையைக் குறி வைத்தால், வலது பக்கச் சட்டம் கேமராவின் பார்வையிலிருந்து நழுவிவிடும். தள்ளிப்போனால் நான்கு ஓரமும் உள்ளே வரும். தம்பியோ மூன்று இரவும் திரைக்கு நான்கடி தூரத்தில் குந்தியிருந்தார்.

"அப்பவும் நீ இப்படித்தான்," என்றார் அண்ணன், திரையிலிருந்து கண்ணை எடுக்காமல். "கண்ணாடியில துப்பாக்கியை ஒட்டி வெச்சு சுடுவே. கேட்டா அப்பாகிட்டப் போய் அழுவே."

பத்து மணிக்கு அண்ணனின் போனில் அலாரம் அடித்தது. மருந்து நேரம். ஆட்டத்தை நிறுத்தும் பொத்தான் அந்தத் துப்பாக்கியில் எது என்று இருவருக்குமே தெரியவில்லை. தம்பி போய் ஃப்ரிட்ஜிலிருந்து பாட்டிலை எடுத்துவந்தார். அண்ணன் தலையைச் சாய்த்துக் கண்களை மூடிக்கொண்டிருந்த சில நிமிடங்களில் ஐந்தாறு வாத்துகள் தப்பிப்போயின. நாய் சிரித்துக்கொண்டே இருந்தது.